இரண்டு இலாகாவுக்கு நடுவே பன்னிரண்டு அடி

மார்ச் 3

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மற்றதை எழுத ஆரம்பித்தால் கேட்க மறந்துவிடுவேன், பிறகு அது ஒரு குறையாக மனதில் நிற்கும்.

போன் பண்ணினால் 'கூட்டத்தில் இருக்கிறேன்' என்று எழுத்து வருகிறது. ஏழு தடவை வந்துவிட்டது. கடிதத்துக்குக் கூட்டம் கிடையாதே. இன்னொன்று, பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது. எழுதினால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஐந்தாவது வரை படித்த கை. கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சின்ன வயதில் சிரிப்பாய். கிளறினதைப் பொறுத்துப் படித்துக்கொள்.

உன் அத்தான் போய் இன்றோடு இருபத்தாறு நாள். நீ வரவில்லை. மலர்வளையம்தான் வந்தது. ஆபீஸ் பியூன் கொண்டுவந்து, "ஐயா அனுப்பச் சொன்னாங்க" என்று நீட்டினார். அதில் உன் பதவியை அச்சடித்திருந்தார்கள். தம்பி என்று எழுதவில்லை. அதை அவர் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை, சுவரோரம் வைத்துவிட்டேன்.

எப்படிப் போனார் என்று உனக்கு யாராவது சரியாகச் சொன்னார்களா தெரியாது. பிப்ரவரி ஐந்தாம் தேதி, பட்டப்பகல், இரண்டு மணி. வழக்கம்போலத் தொட்டிக்கு வெளியே உள்ள குழியில் இறங்கி, கீழ்த்தெரு வால்வைத் திறந்து தண்ணீர் விட்டார். மேட்டுத்தெருவுக்குத் திருப்ப நேரம் ஆகும்வரை மேலே வந்து உட்காரலாம் என்று ஏணியில் கால் வைத்தார். இரும்பு துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. படி கையோடு வந்துவிட்டது. பின்மண்டையில் அடி. நான் அன்றைக்குக் காய்ச்சலோடு படுத்திருந்தேன்.

நான் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். யோசிக்காமல் எப்படி இருப்பது, நீயே சொல். இருபத்திரண்டு வருஷமாக மதியச் சோறு கொண்டுபோய்க் குழி விளிம்பில் உட்காருவேன். அவருக்கு வாய் சும்மா இருக்காது. பேசிக்கொண்டே சக்கரத்தைத் திருப்பினால் எத்தனை சுற்று என்பது தவறிப்போகும். அதனால் நான் மேலே இருந்து எண்ணுவேன். திருப்புவது அவருடையது, எண்ணுவது என்னுடையது. இப்போதும் இரண்டு மணி ஆனால் என் வாய் தானாக எண்ண ஆரம்பிக்கிறது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே எண்ணுகிறேன்.

இதெல்லாம் சொல்ல எழுதவில்லை. ஒரு காரியம் இருக்கிறது. அவர் செத்ததைப் பற்றி ஆபீசில் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். அதில் 'உரிமையற்ற நபர் அத்துமீறி வால்வுக் குழிக்குள் நுழைந்து' என்று போட்டிருக்கிறது. அத்துமீறினவராம். திருடன் சுவர் ஏறிக் குதித்த மாதிரி. ஊரில் வால்வுக்காரர் என்றால் கைக்குழந்தைகூட அவரைத்தான் காட்டும்.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நீ அந்தப் பெரிய கட்டடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்கச் சொல்லு.

உன் முகம் பார்க்காமல் கண் பூத்துப்போன
அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மலர்வளையத்தில் அப்படி அச்சடித்தது அலுவலக வழக்கம், நான் சொல்லிச் செய்ததல்ல. ஆனாலும் நான் பார்த்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

நான் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்று சபையில் வாக்கெடுப்பு. இப்போது ஆள்வது ஒரு கட்சி இல்லை, இரண்டு கட்சி. சின்னக் கட்சிக்கு ஒன்பது பேர்தான். ஆனால் அந்த ஒன்பது பேர் எழுந்து வெளியே போனால் அரசு விழுந்துவிடும். அவர்களை உட்கார வைப்பதுதான் இங்கே எல்லாருக்கும் வேலை. ஆணைகளை எழுதும் பிரிவு என்னுடையது. எந்த நேரத்தில் யாருக்கு என்ன எழுதித் தர வேண்டியிருக்கும் என்று தெரியாது. விடுப்பு கேட்டேன், கிடைக்கவில்லை. இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று விசாரித்தேன். பதினான்கு மாதம் முன்பு குடிநீர் இலாகாவை இரண்டாகப் பிரித்தார்கள். சின்னக் கட்சிக்கு ஒரு மந்திரி பதவி கூடுதலாகத் தர வேண்டியிருந்தது. தொட்டிகள் பெரிய கட்சி மந்திரிக்கு, தெருக்குழாய்கள் சின்னக் கட்சி மந்திரிக்கு என்று ஆனது. ஆட்களையும் பிரித்தார்கள். வால்வு இயக்குபவர் என்ற பணி இரண்டு பட்டியலிலும் வரவில்லை. அதனால் அத்தானைத் தொட்டியின் காவலாளி என்று பதிந்திருக்கிறார்கள். காவலாளிக்குக் குழியில் வேலை இல்லை. ஆகவே காகிதத்தின்படி அவர்... நீயே படித்துவிட்டாய்.

நான் பார்க்கிறேன். அவசரப்படாதே. இங்கே ஒரு சொல்லை மாற்றுவது நீ நினைப்பதைவிடக் கடினம்.

காய்ச்சல் முழுதாக விட்டதா?

அன்புடன்,
உன் தம்பி

*

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் விட்டது. நீ எழுதினது எனக்கு முழுதாகப் புரியவில்லை, புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஒரு வீட்டை அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ளும்போது, வாசல் உனக்கு, அடுப்படி எனக்கு என்று எழுதிவிட்டு நடுவிலிருக்கும் கதவை யாருக்கும் எழுதாமல் விட்ட மாதிரி. சரிதானே?

இங்கே நடந்த கூத்தைக் கேள். அவர் கீழே விழுந்தபோது கீழ்த்தெரு வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. போலீஸ்காரர்கள் வந்து விசாரணை என்று குழியைக் கயிறு கட்டி மூடினார்கள். பார்த்துக்கொள், ஒன்றரை மாதம். கீழ்த்தெருவில் தண்ணீர் போதும் போதும் என்று சாக்கடையில் ஓடுகிறது. மேட்டுத்தெருவில் ஒரு சொட்டுக்கு வழியில்லை. அங்கிருந்து பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறக்கத்துக்கு வந்து, ஏறிப் போகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வழுக்கி விழுந்தாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை எல்லாரும் சேர்ந்து தொட்டி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு இன்ஜினியர்களும் வந்தார்கள். ஒருத்தர் குழிக்கு இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம் நின்றார்கள். நடுவில் குழி. பேச்சு இப்படி.

"சார், சுவர் வரைக்கும்தான் நாங்க. குழி உங்களோடது."

"எங்களோடதா? தெருமுனையில குழாய் தொடங்குற இடத்துலேர்ந்துதான் சார் நாங்க. நடுவுல இருக்கிற பன்னிரண்டு அடி யாருதுன்னு உங்க மந்திரியைக் கேளுங்க."

"நீங்க உங்க மந்திரியைக் கேளுங்க."

"கேட்டுட்டேன். உங்க மந்திரியைக் கேக்கச் சொன்னாரு."

எதிர்வீட்டுத் தையல்காரியை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பை வைத்துத் தைத்தவள். அவள் எழுந்தாள். "ரெண்டு மந்திரியும் பேசி முடிக்கிற வரைக்கும் இந்தக் குடத்தை ஆளுக்கொண்ணா தலையில வெச்சுக்கிட்டு நில்லுங்க, நாங்க வீட்டுக்குப் போயிட்டு வர்றோம்" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் சிரிப்பு. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

பெரிய இன்ஜினியர், தொட்டிக்காரர், நல்ல மனிதர்தான். என்னிடம் வந்து மெல்ல, "அம்மா, எனக்குத் திறக்கத் தெரியும். தொட்டா நாளைக்கே என்னை வேற ஊருக்குத் தூக்கிடுவாங்க. பொண்ணு பத்தாவது எழுதுறா" என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன், பொய் இல்லை. என்னப்பா இது? கை இருக்கிறது, வேலை தெரிகிறது, மனசும் இருக்கிறது. ஆனால் அந்தக் கை நீளமாட்டேன் என்கிறது.

நான் கயிற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு இறங்கினேன். ஏணிதான் போயிற்றே, வெள்ளையடிப்பவரிடம் மர ஏணி வாங்கினோம். முதலில் கீழ்த்தெரு வால்வை மூடினேன். கடைசி மூன்று சுற்றை மெதுவாக மூட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் வெடித்துவிடும். பிறகு மேட்டுத்தெருவுக்கு இருபத்திரண்டு சுற்று திறந்தேன். மேலே தையல்காரி எண்ணினாள். பதினைந்தில் தவறவிட்டாள். நான் கீழேயிருந்து, "பதினாறுடி" என்றேன்.

சக்கரத்தின் கைப்பிடியில் அவர் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆன இடம் இரண்டு இருக்கிறது. என் கை அங்கேதான் போய் உட்கார்ந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியாது.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். அந்த வார்த்தை என்ன ஆயிற்று?

அக்கா

*

ஏப்ரல் 4

அக்கா,

நீ குழிக்குள் இறங்கியது இங்கே வரை வந்துவிட்டது. 'அனுமதியற்ற பெண் ஒருவர்' என்று குறிப்பு. அது நீதான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தயவுசெய்து இறங்காதே. ஏணி இல்லாத குழி. எனக்கு நீயும் போய்விட்டால்...

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். இரண்டு மந்திரிகளையும் ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார்கள். வால்வுகளுக்கென்று தனியாக ஒரு வாரியம் வரப்போகிறது. அதற்குத் தலைவராக, இரண்டு கட்சிக்கும் வேண்டிய ஒருவரை உட்கார வைப்பார்கள். அந்த வாரியத்தில் உன்னை வால்வு இயக்குபவராக எடுத்துக்கொள்ள நான் பேசியிருக்கிறேன். அத்தான் செய்த அதே வேலை, முறையான ஆணையோடு.

இதோடு இணைத்திருக்கும் தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கையைப் பற்றி உனக்குப் புகார் இல்லை என்று இரண்டு வரிதான். அந்த வார்த்தையைத் தொட முடியவில்லை அக்கா. தொட்டால் அவர் அங்கே எந்த வேலையாக இறங்கினார் என்று எழுத வேண்டும். எழுதினால் குழி யாருடையது என்று முடிவாகும். முடிவானால் சாவுக்கு யார் பொறுப்பு என்று ஆகிவிடும். பிரிக்கும்போது வால்வு எனக்கு, எனக்கு என்று சண்டை போட்டவர்கள் இப்போது உனக்கு, உனக்கு என்கிறார்கள்.

ஒரு வார்த்தைதான். ஊரில் அவரை அறியாதவர் யார்? கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் நன்மையை மட்டுமே நினைக்கும்
தம்பி

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. எனக்கு வேலை வாங்கித் தர அலைந்திருக்கிறாய், அது தெரியாமல் இல்லை. ஆனால் அவர் அத்துமீறினவர் என்று ஒத்துக்கொண்டு அவர் இடத்தில் நான் போய் நிற்க முடியாது. அவர் அத்துமீறினவர் என்றால் நானும் அத்துமீறினவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு பொருத்தம் வேண்டாமா?

அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். இத்தனை நாள் தைரியம் வரவில்லை. அடியில் ஒரு கட்டு. ஏணிப்படி இற்றுப்போயிற்று, மாற்றித் தாருங்கள் என்று மனு எழுதியிருக்கிறார். ஒன்பது மனு. தொட்டி இலாகாவுக்கு ஐந்து, குழாய் இலாகாவுக்கு நான்கு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், 'இது எங்கள் இலாகாவைச் சேர்ந்ததல்ல'. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். சொன்னால் நான் இறங்க விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கடைசி மனுவில், 'பொதுமக்கள் நலன் கருதித் தொடர்ந்து இறங்கி வருகிறேன்' என்று எழுதியிருக்கிறார். இந்த மாதிரி வரி எங்கே கற்றார் என்று தெரியவில்லை. வீட்டில், "ஏய், சோறு ஆறிப்போச்சு" என்பதைத் தவிர ஒன்றும் பேசத் தெரியாத மனுஷன்.

பெரிய இன்ஜினியர் இலாகா பிரித்த ஆணையைக் காட்டினார். அவர் முன்னாலேயே உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு பட்டியல். தொட்டி, மதில்சுவர், ஏறும் படிக்கட்டு, இரும்பு வேலி, விளக்குக் கம்பம்வரை ஒரு பக்கம் இருக்கிறது. குழாய், கிளைக்குழாய், தெருவில் நிற்கும் பொதுக்குழாய், அதன் அடியில் போட்ட சிமெண்ட் மேடைவரை இன்னொரு பக்கம் இருக்கிறது. சிமெண்ட் மேடையைக்கூட மறக்காத ஆள், இரண்டு பேரும் சண்டை போட்ட வால்வை எப்படி மறந்தான்? எனக்கு இந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

எழுதினவன் தொட்டியே பார்க்காதவனாக இருக்க வேண்டும் என்றார் இன்ஜினியர். அப்போது உன் நினைவுதான் வந்தது. அம்மா போன பிறகு நீ எங்களோடு இருந்த எட்டு வருஷமும் அந்தக் குழியின் மூடிமேல் உட்கார்ந்துதானே படித்தாய்? வீட்டில் வெக்கை என்று அங்கே ஓடுவாய். "படிப்பாளி, கொஞ்சம் எந்திரிப்பா, நான் உள்ளே போகணும்" என்று அவர் கெஞ்சுவார். "இந்தப் பக்கம் முடிச்சிட்டு" என்பாய். அவரும் நிற்பார். ஊர் முழுக்கக் குடம் வைத்துக் காத்திருக்கும், நீ ஒரு பக்கம் முடிக்கும்வரை.

நீ எழுதியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. அந்த ஆணையை யார் எழுதினது என்று உனக்குத் தெரியும்தானே, உன் பிரிவில்தானே இருப்பான்? அவனிடம் போய்க் கேள். திட்ட வேண்டாம். ஏன் விட்டாய் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுது.

நீ வந்து நாலு வருஷம் ஆகிறது. உன் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதா, சதை போட்டிருக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 25

அக்கா,

கேட்டுவிட்டேன். அவன் சொன்னதை எழுதுகிறேன்.

நான்தான்.

முதலில் எழுதின தாளில் வால்வு இருந்தது. குழாய்ப் பட்டியலில் ஒன்பதாவது வரி. அன்று மாலை நான்கு மணிக்குப் புது மந்திரி பதவியேற்க வேண்டும். இரண்டரைக்குத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, பெரிய கட்சி மந்திரி ஒன்பதாவது வரியைச் சுழித்தார். "தண்ணி யார் கையில இருக்கோ ஊரு அவன் கையில. வால்வை விட்டுட்டு வெறும் தொட்டியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்றார். அதே தாளில் அம்புக்குறி போட்டுத் தொட்டிப் பட்டியலுக்கு மாற்றினேன். சின்னக் கட்சி மந்திரி அதன்மேல் தானும் சுழித்தார். அந்தப் பக்கம், "வால்வு இல்லாத குழாய் எதுக்கு, கொடி கட்டவா?" என்று எழுந்துவிட்டார்கள். ஒன்பது பேரும் கார் ஏறத் தயாராக நின்றார்கள்.

மூன்றரை மணிக்கு என் மேலதிகாரி கேட்டார். "அந்த வரியே இல்லேன்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவாங்களா?"

"போடுவாங்க சார்."

"எடு."

எடுத்தேன். நாலு மணிக்குப் பதவியேற்பு நடந்தது.

அந்த அறையில் ஒருவர், பெயருக்காவது, "அப்ப வால்வை யார் திறப்பா?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் உனக்கு எழுதாமல் இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். "அதெல்லாம் எப்படியும் திறந்துடுவாங்க சார். எங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்கார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் தட்டிக்கொடுத்தார்கள்.

அத்தான் இறந்த அன்று எனக்கு விடுப்பு மறுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

சாவை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். மே 16, காலை பதினொரு மணி, தொட்டி ஆபீசில். பெண்கள் குடத்தோடு உட்கார்ந்ததால் வந்தது அது. இதோடு அந்த முதல் தாளை வைத்திருக்கிறேன். ஒன்பதாவது வரியும், அதன்மேல் இரண்டு மந்திரிகளின் சுழிப்பும், ஓரத்தில் என் கையெழுத்தும் இருக்கின்றன. இதைக் காட்டினால் மறதி இல்லை, தெரிந்தே விட்டது என்று தெரிந்துவிடும். அத்தான்மேல் உள்ள வார்த்தை நிற்காது. என் வேலையும் நிற்காது, அதற்கு மேலும் வரலாம்.

உன் கையில் கொடுத்துவிட்டேன். நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

தம்பி

*

மே 3

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். மூன்று நாள் அரிசி எடுக்கவில்லை.

நாலாம் நாள் தையல்காரி வந்து கதவைத் தட்டி, "என்ன, செத்துகித்துப் போனியா?" என்று திட்டிக் கஞ்சி ஊற்றினாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வால்வுக்கு மட்டும் தவறாமல் போனேன்.

உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. நீ ஒருநாளும் என்னிடம் அடி வாங்கினதில்லை. அம்மா இல்லாத பிள்ளை என்று நானும் அவரும் உன்மேல் கைவைத்ததில்லை. அவரை நினைத்துச் சொன்னாயே அந்தப் பதில், எப்படியும் திறந்துவிடுவார் என்று. அது பொய்யும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் திறந்துவிடுவார் என்பதை வைத்துத்தான் உங்கள் மந்திரி, உங்கள் வாக்கெடுப்பு, உங்கள் நாலு மணி எல்லாம் நின்றிருக்கிறது. ஒரு இற்றுப்போன படியின்மேல் அவர் நின்றார், அவர்மேல் நீங்கள் எல்லாரும் நின்றீர்கள்.

தாளை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை ஆபீஸ் வாசல்வரை போனேன். கொடுத்தால் அவர் பேரில் உள்ள கறை போகும், நீ போய்விடுவாய். கொடுக்காவிட்டால் நீ இருப்பாய், அவர் சுவர் ஏறிக் குதித்தவராகவே கிடப்பார். எந்தக் கண்ணைக் குத்திக்கொள்ளட்டும் என்று நடுத்தெருவில் நின்றேன். ஒரு சைக்கிள்காரன், "வீட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?" என்று கத்திவிட்டுப் போனான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா எப்படியும் ஏதாவது செய்துவிடுவாள் என்றுதானே இதை எனக்கு அனுப்பினாய்? அவருக்குச் செய்ததையே எனக்கும் செய்கிறாய். செய்ய வேண்டியது உன்னுடையது, இறங்க வேண்டியது நான்.

மாட்டேன். தாள் இதோடு திரும்பி வருகிறது. நான் அதைக் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. மே 16, பதினொரு மணி. நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ கொண்டுவந்தால் நீ கொடு. வராவிட்டால் இனி எனக்குக் கடிதம் போடாதே. பதில் எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது, அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். தாளுக்காக மட்டும் உன்னைக் கூப்பிடவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும்.

அக்கா

*

மே 20

தம்பிக்கு,

நீ வந்தாய். சதை போடவில்லை, ஒட்டித்தான் போயிருக்கிறாய். காதோரம் நரை வேறு. அவ்வளவு பேர் நடுவில் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது.

நீ ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. நீதிபதி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க கையெழுத்தா?" என்றபோது உன் குரல் திடமாகத்தான் இருந்தது. "இறந்தவர் உங்களுக்கு உறவா?" என்றதும் உடைந்தது. "அத்தான்" என்றாய். பிறகு யாரும் கேட்காமலே, "என்னைப் படிக்க வெச்சவர்" என்றாய். தையல்காரி என் கையை அப்படியே நசுக்கிவிட்டாள். இன்னும் வலிக்கிறது.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் நீதிபதி என்னைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். 'அத்துமீறி நுழைந்த' என்பதை அடித்துவிட்டு, 'வால்வு இயக்குபவர், பணியில் இருந்தபோது' என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அவரும் படித்தார்.

உனக்கு நாற்காலி இல்லாமல் பண்ணிவிட்டார்கள் என்று பெரிய இன்ஜினியர் சொன்னார். பெஞ்சு மட்டும் இருக்கிற ஓர் அறையில் உட்கார வைத்திருக்கிறார்களாம், உன்மேல் போட்டிருக்கும் விசாரணை முடியும்வரை. அந்த மந்திரிகள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு பேப்பரில் சிரிக்கிறார்கள். அரசு விழவில்லை. வால்வு வாரியத்துக்குத் தலைவர் வந்துவிட்டார், கார் வந்துவிட்டது, வால்வு திறக்க ஆள்தான் இன்னும் போடவில்லை. நான்தான் திறக்கிறேன்.

ஆனால் ஒன்று நடந்தது. நேற்று இரண்டு இன்ஜினியர்களும் ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள். குறுக்கே ஒரு இரும்பு ஏணி, இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு. "இது எந்த இலாகா ஏணி சார்?" என்றேன். "பேசாம அந்தப் பக்கம் பிடிங்கம்மா, யாராவது பாத்துடப் போறாங்க" என்றார் குழாய்க்காரர். திருடர்கள் மாதிரி அரை மணியில் வைத்துவிட்டு ஓடினார்கள். அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது எனக்கு. ஒரு படி, தம்பி. இதற்குத்தான் ஒன்பது மனு.

அன்றைக்கு நீ ஆபீஸ் பின்வாசல் வழியாகப் போய்விட்டாய் என்று நினைத்தேன். இல்லையாம். நம் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றாயாம். வீட்டுப் பக்கம் பத்தடி நடந்தாயாம், திரும்பினாயாம். பிள்ளையார் கோயில் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துச் சொன்னார்.

ஏன் திரும்பினாய் என்று எனக்குத் தெரியும். நான் கதவைத் திறந்து என்ன முகம் காட்டுவேன் என்று பயந்தாய். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. கோபம் இருக்கிறது. காலையில் எழுந்தால் அவர் இடம் காலி, அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் வருகிறது. எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அது போன பிறகு வரலாம் என்று நீ காத்திருந்தால் நாம் இரண்டு பேரும் கிழடாகிவிடுவோம்.

கோபம் இருக்கிற வீட்டுக்கும் ஆள் வரலாம். வந்து பேசாமல் உட்கார்ந்திரு. நானும் பேசமாட்டேன். சாப்பாடு போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் மூன்றரைக்கு வரும். அதற்குள் நான் வால்வு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

அக்கா